உழைத்த உடலும் உவந்த மனமும்

சேலம் அம்மாபேட்டையிலோ குகையிலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குள் காலை வேளையில் நுழைந்து பார்ப்பவர்களுக்கு, தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருக்கும் மனிதருடைய சரீரம் ஒரு நிமிஷமும் சும்மா இருப்பதில்லை என்பது உடனே விளங்கிவிடும். ஒரு கை கயிற்றைச் சுண்டி இழுக்க, நாடா பாவினூடே ஓடி மறுபுறம் போய் நிற்கிறது. மற்றொரு கை அச்சைத் தன் பக்கம் இழுத்து ஊடை நூலை நெருக்குகிறது. கால்கள் மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. இப்படியே பகல் முழுவதும் உழைத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் எழுந்திருக்கும்போது முதுகும் தோளும் கனக்க, வீட்டில் யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் எரிச்சல் வருகிறது. அதே மனிதர் ஒரு பௌர்ணமி நாளில் குடும்பத்தோடு திருச்செங்கோட்டுக்குப் போய், அர்த்தநாரீசுவரர் மலையின் சுமார் 1200 படிகளையும் ஏறி இறங்கினாரானால், கெண்டைக்கால் வலித்தாலும் மனம் லேசாகி, வரும் வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

இரண்டும் உடம்பை வருத்துவதுதான். அப்படியிருக்க, ஒன்று மனத்தைச் சோர்த்துவிட, மற்றொன்று அதை மலர்த்துவது எதனால்? சாமி புண்ணியம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். மலைக்காற்றின் குணம் என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடும். இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சாமியும் மலைக்காற்றும் இல்லாத இடத்தில், சேலம் காந்தி விளையாட்டரங்கில் விடியற்காலையில் வட்டம் வட்டமாக ஓடுகிறவர்களும் இதே உற்சாகத்தைத்தான் சொல்கிறார்கள். ஆகையால், சரீரத்தின் அசைவுக்கும் சித்தத்தின் நிலைக்கும் இடையே என்னதான் நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்ப்பது நல்லது.

இந்த விசாரணைக்குப் பலரும் உடனே சொல்லும் பதில் ‘என்டார்பின்’ என்பது. அபினியும் அதிலிருந்து எடுக்கப்படும் மார்பினும் வலியைப் போக்குவதற்குக் காரணம், மூளையின் அணுக்களில் அவை வந்து பொருந்துவதற்கென்றே ‘ஏற்பிகள்’ இருப்பதுதான் என்று 1973ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளை ஏற்பிகளை வைத்துக்கொண்டிருக்க நியாயமில்லை. எனவே அதைப் போன்ற ஒரு பொருளைச் சரீரமே உண்டாக்க வேண்டும் என்று ஊகித்துத் தேடியபோது, 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் மூளையிலிருந்தே அத்தகைய பொருள்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இந்த இனத்துப் பொருள்களைத்தான் பொதுவாக என்டார்பின் என்கிறோம். அதன்பின், ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது அதிலும் என்டார்பின் மிகுந்திருக்கவே, ஓட்டத்தின் இன்பத்துக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது என்று உலகம் முழுவதும் பேசத் தொடங்கிவிட்டது.

ஆனால் இரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடுவதில்லை. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரத்தில் சேகோ ஆலைகளைப் பார்த்தவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். குச்சிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்துத் தண்ணீர் பாய்ச்சிச் சல்லடையில் விடும்போது, மாவுப் பால் கீழே இறங்கிவிடுகிறது. திப்பி மேலேயே தங்கிவிடுகிறது. மூளைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரும் அணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைந்த இத்தகைய ஒரு சல்லடைதான். ‘இரத்த மூளைத் தடுப்பு’ என்பது அதற்குப் பெயர். ஆலையின் சல்லடை பருமனை மட்டும் பார்க்கும். இந்தச் சல்லடையோ, வரும் பொருள் கொழுப்பில் கரையுமா, அதை அழைத்துப் போக வாயிற்காவலர் போன்ற தனிப் புரதம் ஏதேனும் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. இரத்தத்தில் மிகும் என்டார்பின் பெரிய மூலக்கூறு, கொழுப்பில் கரையாதது. அது பெரும்பாலும் திப்பியைப் போல வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே, இரத்தத்தில் அதை அளந்து மனத்தின் சந்தோஷத்துக்குக் கணக்குச் சொல்வது நியாயமாகாது.

அப்படியானால் மூளையே தனக்குள் என்டார்பினைச் சுரக்கிறதோ என்ற கேள்வி எழுவது இயல்பு. அதை அறிய 2008இல் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அபினி ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளில் கதிரியக்கத்தை மிகச் சிறிய அளவில் ஏற்றி, பத்து ஓட்டக்காரர்களின் உடம்பில் செலுத்தி, ஓடாத நாளிலும் இரண்டு மணி நேரம் ஓடிய நாளிலும் அவர்களுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். ஓடிய நாளில் அந்தப் பொருள் ஒட்டுவதற்குக் கிடைத்த ஏற்பிகள் குறைந்திருந்தன. வேறு ஏதோ ஒன்று முன்னதாகவே வந்து அவற்றை நிரப்பியிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது. மகிழ்ச்சி மிகுதியாக இருந்தது என்று சொன்னவர்களிடம் இந்தக் குறைவும் மிகுதியாகவே காணப்பட்டது. என்டார்பின் கட்சிக்கு இது நல்ல சாட்சிதான். ஆனாலும் பத்துப் பேருடைய சாட்சியம். அதுவும் இரண்டு மணி நேரம் ஓடக்கூடியவர்களுடையது. அரைமணி நடந்தாலே மனம் தெளிகிறவர்களின் அநுபவத்துக்கு இது போதாது.

இங்கேதான் இரண்டாவது பாத்திரம் மேடைக்கு வருகிறது. 1992இல் ஜெருசலேமில் ரபேல் மெஷூலாமின் ஆய்வுக்கூடத்தில், கஞ்சாவின் சத்து வந்து பொருந்தும் ஏற்பிகளுக்கு உரிய இயற்கைப் பொருளை மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதற்கு ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லைக் கொண்டே ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். இது சிறிய மூலக்கூறு, கொழுப்பில் கரைவது, ஆகவே சல்லடையைப் பாலைப் போலக் கடந்துவிடும். மிதமான வேகத்தில் ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள் ஆகியோருடைய இரத்தத்தில் ஆனந்தமைடு மிகுகிறது என்று 2003இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பின்னர் டேவிட் ரைக்லன் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் மனிதர்களையும் நாய்களையும், ஃபெரட் என்னும் கீரியைப் போன்ற நீண்ட உடலுடைய சிறு பிராணிகளையும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். நெடுந்தூரம் ஓடுவதற்கேற்ற உடலமைப்பைப் பெற்ற மனிதனிடமும் நாயிடமும் ஆனந்தமைடு மிகுந்தது. அப்படி ஓடிப் பழகாத ஃபெரட்டிடம் மிகவில்லை. மனிதர்களை வெவ்வேறு வேகத்தில் ஓடச் செய்தபோதோ, மிக மெதுவாக நடந்தவர்களிடமும் மூச்சுத் திணற விரைந்தவர்களிடமும் அவ்வளவாக மிகாமல், நடுத்தரமான வேகத்தில் நெடுநேரம் இயங்கியவர்களிடமே அது நன்றாக மிகுந்தது.

இரண்டு கட்சிகளில் எது சரி என்று தீர்ப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. அபினி ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நால்ட்ரெக்ஸோன். ஜெர்மனியில் 63 பேருக்கு இந்த மருந்தையோ வெறும் மாத்திரையையோ, எது என்று தெரியாதபடி கொடுத்து, 45 நிமிஷம் ஓடச் செய்தார்கள். என்டார்பின்தான் காரணமென்றால் மருந்து உண்டவர்களுக்கு ஓட்டத்தின் இன்பம் குன்றியிருக்க வேண்டும். குன்றவில்லை. 2021இல் வெளியான இந்த முடிவும், கஞ்சா ஏற்பிகளை அடைத்த எலிகள் சக்கரத்தில் ஓடிய பிறகும் அமைதி பெறவில்லை என்று 2015இல் கண்ட முடிவும் சேர்ந்து, ஓட்டத்தின் உடனடி உற்சாகத்துக்கு ஆனந்தமைடும் அதன் இனத்துப் பொருள்களுமே பெரும் பங்கு கொள்கின்றன என்ற அபிப்பிராயத்தை வலுப்படுத்தியிருக்கின்றன.

இப்போது நெசவாளரின் புதிரில் ஒரு பகுதி அவிழ்கிறது. மலைப்படி ஏறுகிறவருடைய இதயம் ஒரு மட்டத்துக்கு உயர்ந்து, அரைமணிக்கு மேல் அந்த மட்டத்திலேயே சீராக நிற்கிறது. தறியிலோ நூல் அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். தார் தீர்ந்தால் நிறுத்தி மாற்ற வேண்டும். உட்கார்ந்தபடியே சில தசைகள் மட்டும் ஓயாமல் வருந்துகின்றன. இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு அழைக்கப்படுவதில்லை. உழைப்பின் அளவு பெரிதாக இருந்தும் உழைப்பின் வகை வேறு.

வகைதான் இந்தக் கட்டுரையின் சாரம் என்பதால், ஓட்டத்தை விட்டு மற்றப் பயிற்சிகளையும் பார்ப்போம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, இக்காலத்து எடைக்கருவிகள் ஆகியவை தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள். இவற்றைப் பற்றி 33 பரிசோதனைகளைத் தொகுத்து, மொத்தம் 1877 பேருடைய விவரங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை 2018இல் வெளிவந்தது. பலப்பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன என்பது அதன் முதல் முடிவு. அதைவிட ருசிகரமானது இரண்டாவது முடிவு: ஒருவருடைய பலம் எவ்வளவு கூடியது என்பதற்கும் அவருடைய சோர்வு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் சம்பந்தம் காணப்படவில்லை. தசை பருத்துத்தான் மனம் தேற வேண்டும் என்பதில்லை. நேற்று முடியாத ஒன்று இன்று முடிந்தது என்ற திருப்தியும், வாரத்தில் சில நாள் ஒரு நியமத்துக்கு உட்பட்டு வாழ்வதும் மருந்தின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

தசை வெறும் கயிறு அல்ல. அது ஓர் இரசாயனச் சாலையும்கூட. நெடுநாள் கவலையிலும் வீக்கத்திலும் வாடும் சரீரத்தில் ‘கைனூரினின்’ என்ற பொருள் மிகுகிறது. இதற்குச் சல்லடையில் வாயில் உண்டு. உள்ளே நுழைந்து மூளைக்குத் தீங்கு செய்யக்கூடியது. ஸ்வீடனிலுள்ள கரோலின்ஸ்கா கழகத்தார் 2014இல் கண்டது என்னவென்றால், பழக்கப்பட்ட தசையில் மிகும் சில நொதிகள் இந்தப் பொருளைக் கைனூரினிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. மாறிய பொருள் சல்லடையைக் கடக்க முடியாமல் திப்பியோடு திப்பியாக வெளியிலேயே நின்றுவிடுகிறது. அத்தகைய தசையைப் பெற்ற எலிகள், பலநாள் இடையூறு செய்து வருத்திய பின்னும் சோர்வுக்கு ஆளாகவில்லை. என்டார்பின் கதையில் சல்லடை நம் விளக்கத்துக்கு இடையூறாக வந்தது; இங்கே அதுவே நமக்கு அரணாக நிற்கிறது.

மூன்றாவது வகை, மூச்சையும் நிலையையும் நிதானப்படுத்தும் யோகாசனம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஸ்ட்ரீட்டர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு குழுவினர் யோகாசனம் செய்ய, மற்றொரு குழுவினர் அதே அளவு சக்தி செலவாகும்படி நடந்தார்கள். இப்படிப் பன்னிரண்டு வாரம் நடந்தது. வேலையின் அளவு ஒன்றே. வகை மட்டும் வேறு. காந்தப் புலத்தின் உதவியால் மூளையின் இரசாயனங்களை அளக்கும் முறையில் பார்த்தபோது, நரம்புகளின் மிகையான துடிப்பை அடக்கும் ‘காபா’ என்ற பொருள் மிகுந்த அளவுக்கு மனமும் தெளிந்தது. கவலை தணிவதில் யோகக் குழுவினர் நடந்தவர்களை முந்தினார்கள். ஓட்டம் கிளர்த்துகிறது, யோகம் அமர்த்துகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். நமக்கு அருகில், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் கங்காதரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து, யோகம் பயின்றவர்களுக்குச் சோர்வு குறைவதோடு, இடர்க்காலச் சுரப்பாகிய கார்ட்டிசாலும் தணிவதைக் காட்டியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை நிமிஷக் கணக்கிலும் வாரக் கணக்கிலும் நிகழும் மாறுதல்கள். மாதக் கணக்கில் நிகழ்வது மற்றொன்று உண்டு. நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் ஒரு புரதத்துக்கு பி.டி.என்.எஃப். என்று பெயர், தமிழில் ‘நரம்பு வளர்ப்புப் புரதம்’ என்று அழைக்கலாம். சக்கரத்தில் தம் விருப்பப்படி ஓடிய எலிகளின் மூளையில், நினைவுக்கு இருப்பிடமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், இதை உண்டாக்கும் கட்டளை மிகுகிறது என்று 1995இல் கண்டார்கள். 1999இல், ஓடும் எலிகளுக்கு அந்தப் பகுதியில் புதிய நரம்பணுக்களே மிகுதியாகப் பிறக்கின்றன என்று ஹென்ரியெட் வான் பிராக் முதலியோர் காட்டினார்கள். வயது வந்த மனிதரிலும் அப்படிப் பிறக்கின்றனவா என்ற வழக்கு விற்பன்னர்களிடையே இன்னும் தீரவில்லை. ஆனால் 2011இல், வயது முதிர்ந்த 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிஷம் வேகமாக நடக்கவும், மறு பிரிவினரை உடம்பை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்யவும் வைத்து ஓராண்டு கழித்து அளந்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பருத்திருந்தது. மற்றவர்களுடையது வயதின் போக்கில் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பின்வந்த தொகுப்பாய்வுகள், பயிற்சி அந்தப் பகுதியை வளர்க்கிறது என்பதைவிடச் சுருங்காமல் காக்கிறது என்று சொல்வதே பொருத்தம் என்கின்றன.

இவற்றையெல்லாம் கேட்டவுடன், மனச்சோர்வுக்கு மருந்தே வேண்டாம், ஓடினால் போதும் என்று துணிந்துவிடக் கூடாது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால், ஐம்பது வயதைக் கடந்த 156 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரையும், ஒன்றுக்குப் பயிற்சியும், மற்றொன்றுக்கு இரண்டும் கொடுத்தார். பதினாறு வாரத்தின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர். ஆனால் ஆரம்பத்தில் விரைவாகக் குணம் காட்டியது மாத்திரைதான். இந்தத் துறையில் ஒரு பெரிய சங்கடமும் உண்டு. மாத்திரைக்குப் பதில் வெறும் மாவு மாத்திரையைத் தெரியாமல் கொடுத்துவிடலாம். ஆனால் ஒருவரை அவருக்கே தெரியாமல் ஓட வைப்பது எப்படி? பயிற்சி செய்கிறோம் என்ற நம்பிக்கையே ஓரளவு குணத்தை உண்டாக்கிவிடும். 218 பரிசோதனைகளையும் 14,170 பேரையும் உள்ளடக்கி 2024இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு, நடை அல்லது மெல்லோட்டம், யோகம், பலப்பயிற்சி, நடனம் ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்கின்றன என்றும், முயற்சி தீவிரமாக ஆக ஆகப் பலனும் மிகுகிறது என்றும் சொல்லிவிட்டு, ஆதாரங்களில் பலவற்றின் உறுதி குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறது.

புதிரின் எஞ்சிய பகுதிக்கு இப்போது வருவோம். உடலசைவுக்கும் மனநலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் அறிக்கை, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு நல்ல மனநிலையோடும், பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பு மனநலக் குறைவோடும் சேர்ந்து காணப்படுகின்றன என்று தெரிவித்தது. உழைப்பே கெடுதல் என்பது இதன் பொருளல்ல. பிழைப்புக்கான உழைப்பில் வேகத்தை நிர்ணயிப்பவர் வேறு ஒருவர்; நிறுத்துவதற்கு உரிமையில்லை; கூலியைப் பற்றிய கவலை கூடவே உட்கார்ந்திருக்கிறது; தேறுவதற்கு அவகாசமும் இல்லை. விருப்பம் என்பது அற்ப விஷயமன்று. ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்தார் திறந்த வெளியில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டுக் கண்காணித்தபோது, யாரும் பழக்காத காட்டு எலிகள் தாமாகவே வந்து அதில் ஏறி ஓடிவிட்டுப் போயின என்று 2014இல் எழுதினார்கள். ஓடுவதில் ஓர் இன்பம் பிராணிகளின் இயல்பிலேயே பதிந்திருக்கிறது. கட்டாயம் அதைக் கெடுத்துவிடக்கூடும்.

உழைப்பவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. உழைக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியோ நாம் கேட்பதே இல்லை. லாரித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல்லில், நாள் கணக்கில் இருக்கையை விட்டு இறங்காமல் வண்டி ஓட்டுகிறவர்களுடைய களைப்பு உழைப்பின் களைப்பாகத் தோன்றினாலும், உடலசைவின் கணக்கில் அது பெரிதும் உட்கார்ந்திருப்பதே. லண்டன் மாடிப் பேருந்துகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துனர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களுக்கு இதய நோய் மிகுதி என்று ஜெரமி மாரிஸ் 1953இலேயே காட்டிவிட்டார். தமிழ்நாட்டையும் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான கணக்கெடுப்பில், பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்றும், ஓய்வு நேரத்தில் விரும்பி உடற்பயிற்சி செய்கிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றும் தெரிந்தது.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லத்தக்கது சுருக்கமானது. மனம் மந்தமாகிக் கிடப்பவர்கள், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் அரைமணி நடக்கட்டும். படபடப்பும் தூக்கமின்மையும் உள்ளவர்கள் ஆசனத்தையும் மெல்லிய மூச்சையும் பழகட்டும். தம்மால் எதுவும் ஆகாது என்ற தாழ்வு எண்ணம் உள்ளவர்கள் வாரத்தில் இரண்டு நாள் பலப்பயிற்சி செய்து பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவும் இதற்கு மாறானதன்று: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான இயக்கமும், இரண்டு நாளாவது தசைப்பயிற்சியும். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீங்காதவர்களும், உயிரின் மேலேயே வெறுப்புக் கொண்டவர்களும் செருப்பைத் தேடுவதற்கு முன் டாக்டரைத் தேட வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலிமானஸ் சேவை எந்நேரமும் இலவசமாகப் பேசும். தறிக்கும் ஸ்டியரிங்குக்கும் பகலையெல்லாம் கொடுத்துவிட்டவர்களுக்கு நடப்பதற்கு ஒரு மணி நேரமும் ஒரு மைதானமும் மிச்சம் வைப்பது அவர்களுடைய கடமை மட்டுமல்ல. வேலை கொடுப்பவர்களுக்கும் நகராட்சிகளுக்கும் அதில் சரிபாதிப் பொறுப்பு உண்டு.